அடுப்பங்கரைக் கல்லும் கடைக்காரர் சொல்லும்

வீடு கட்டுகிறவர்கள் சிமெண்டையும் கம்பியையும் மேஸ்திரியின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். மணலும் ஜல்லியும் காண்டிராக்டர் பாடு. ஆனால் சமையல் மேடைக்குக் கல் எடுக்க மட்டும் குடும்பத்தோடு கடைக்கு வருகிறார்கள். வீட்டுக்கார அம்மா, மகள், சில சமயம் மாமியாரும் சேர்ந்து வந்து, வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் ஸ்லாப்புகளைத் தடவிப் பார்த்து, தங்களுக்குள் கலந்து பேசி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகள் அந்தக் கல்லின் மேல்தான் அவர்கள் வீட்டு உலை கொதிக்கப் போகிறது. இவ்வளவு அக்கறையோடு வருகிறவர்களிடம் நம்மில் எத்தனை பேர் கல்லைப் பற்றி நாலு வார்த்தை பேசுகிறோம்?

"நல்ல கல்லுங்க, ஒண்ணும் ஆகாது" என்பதோடு முடித்துக்கொள்கிறவர்களே அதிகம். ஒன்றும் ஆகாத கல் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கல்லுக்கும் தாங்குகிற விஷயம் ஒன்று, தாங்காத விஷயம் ஒன்று உண்டு. அதை விற்பதற்கு முன்னால் சொன்னால் அது யோசனை. விற்ற பிறகு, வாடிக்கையாளர் புகாரோடு வந்து நிற்கும்போது சொன்னால் அது சாக்கு. சொல்லும் விஷயம் ஒன்றே ஆனாலும், சொல்லும் நேரத்தைப் பொறுத்து நம் கடையின் பெயர் உயர்கிறது அல்லது கெடுகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் கிரானைட் மேடை என்றால் அதுவே ஒரு கௌரவம். இன்று நிலைமை அப்படி இல்லை. செயற்கைக் குவார்ட்ஸ், பெரிய அளவு போர்சலின் டைல்ஸ், கண்ணாடி போன்ற வெள்ளைப் பலகைகள் என்று பல சரக்குகள் போட்டிக்கு வந்துவிட்டன. அவற்றைத் தயாரிப்பவர்கள் வழுவழுப்பான புத்தகம் கொடுக்கிறார்கள். உத்தரவாத அட்டை தருகிறார்கள். எதைக் கொண்டு துடைக்க வேண்டும், எதைக் கொண்டு துடைக்கக் கூடாது என்று அச்சடித்தே தருகிறார்கள். பூமியிலிருந்து வெட்டி எடுத்த அருமையான கல்லை வைத்திருக்கும் நாமோ ஒரு துண்டுத் தாள் கூடக் கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் அந்தப் பக்கம் போகிறார் என்று வருத்தப்பட்டு என்ன பயன்?

முதலில் பெயர் விஷயம். நம் வியாபாரத்தில் உள்ள அளவுக்குப் பெயர்க் குழப்பம் வேறு எந்தச் சரக்கிலும் இருப்பதாகத் தெரியவில்லை. 'காஷ்மீர் ஒயிட்' என்று கேட்டு வாங்குகிறார்கள். அது காஷ்மீரத்துக் கல் அல்ல. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கல். 2012-இல் அந்தப் பகுதிக் குவாரிகள் மீது அரசு நடவடிக்கை எடுத்து அவை மூடப்பட்ட பிறகு அந்தக் கல்லுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதன் பெயர் மட்டும் பல வெள்ளைக் கற்களின் மேல் ஏறிக்கொண்டது. 'கறுப்பு கிரானைட்' என்று நாம் விற்பது கல் நூலார் கணக்கில் கிரானைட்டே அல்ல. டோலரைட், கேப்ரோ என்ற வேறு இனம். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு அந்த வகைதான். ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியிலிருந்து வரும், பொன் துகள் தூவினாற்போல இருக்கும் 'பிளாக் கேலக்ஸி'யும் அப்படித்தான். இதில் வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் சமையலறைக்கு இந்தக் கறுப்பு இனமே மேலானது. நெருக்கமான கல், தண்ணீரையும் எண்ணெயையும் எளிதில் உள்ளே விடாது. ஆனால் கல் எந்த ஊர்க் கல் என்று கேட்டால் விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரிசி மண்டிக்காரர் அரிசி எந்த ஊர் என்று தெரியாமல் விற்பதில்லை.

நமக்கு முந்திய தலைமுறையில் நடுத்தரக் குடும்பத்து அடுப்பு மேடைக்குக் கடப்பாக் கல்தான். இன்றும் அலமாரித் தட்டுக்கும், மேடைக்கு அடியில் தாங்கு பலகையாகவும் அது போகிறது. கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் இனம். புளித் தண்ணீர் பட்டால் வெளுக்கும். பாலிஷ் நிற்காது. விலை குறைவு என்பதால் வாங்குகிறவரிடம் இதைச் சொல்லிவிட்டால் அவர் தெரிந்தே வாங்குவார். பின்னால் நம்மை நோகமாட்டார்.

மார்பிளில்தான் வம்பு பெரிது. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு வெள்ளை வெளேர் என்று சமையலறை வேண்டும் என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். மக்ரானா மார்பிள் தாஜ்மகாலுக்கே போன கல் என்பது உண்மை. ஆனால் தாஜ்மகாலில் யாரும் ரசம் வைப்பதில்லை. மார்பிளின் உடம்பு முழுவதும் கால்சைட் என்ற சுண்ணாம்புப் பொருள். எஃகுக் கத்தியே அதைக் கீறும். எலுமிச்சை, புளி, தக்காளி, மோர், ஊறுகாய் வினிகர் என்று நம் சமையலில் புளிப்பு இல்லாத நாளே இல்லை. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு சில நிமிடம் நின்றாலே அந்த இடத்தில் பளபளப்பு போய்விடும். இது கறை அல்ல என்பதை வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டும். கறை என்றால் உள்ளே இறங்கியதை வெளியே எடுக்கலாம். இது கல்லின் மேல்தோலே அரிக்கப்பட்ட தழும்பு. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மறுபடி பாலிஷ் பிடித்தால்தான் உண்டு. பூஜை அறைக்கும் வரவேற்பறைக்கும் தாராளமாக மார்பிள் கொடுங்கள். சமையல் மேடைக்குக் கேட்டால் ஒரு துண்டு மார்பிளில் எலுமிச்சை பிழிந்து பத்து நிமிடம் வைத்துத் துடைத்துக் காட்டுங்கள். பிறகும் அதுதான் வேண்டும் என்றால் அது அவர் விருப்பம். எங்கள் கடையில் இதற்கென்றே மேஜை மேல் ஒரு துண்டு கிடக்கிறது. பார்த்துவிட்டு மனம் மாறியவர்கள் உண்டு. பார்த்த பிறகும் வாங்கிப் போய், நாலு வருடம் கழித்து மகள் வீட்டுக்குக் கல் எடுக்க எங்களிடமே வந்தவர்களும் உண்டு.

இனி, நம் தொழிலுக்கு மிகப் பெரிய கெடுதலைச் செய்துவரும் விஷயத்துக்கு வருவோம். சாயம் ஏற்றிய கறுப்புக் கல்லைத்தான் சொல்கிறோம்.

நல்ல கறுப்புக் கல் விலை கூடிய சரக்கு. சாம்பல் நிறக் கல் மலிவு. இந்தச் சாம்பல் கல்லுக்கு மை ஏற்றி, எண்ணெய் தேய்த்து, மேலே மெழுகும் போட்டால் கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வீட்டில் பதித்து சில மாதங்கள் சோப்பும் புளித் தண்ணீரும் பட்ட பிறகுதான் குட்டு வெளிப்படும். சிங்கைச் சுற்றித் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூக்கும். பாத்திரம் வைத்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகத் தெரியும். நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வேறு ஒரு இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நாலு ஸ்லாப் எடுத்து விற்றிருந்தார். எட்டு மாதத்தில் அந்த வீட்டு அம்மா ஒரு வெள்ளைத் துணியோடு அவர் கடைக்கு வந்துவிட்டார். "அண்ணாச்சி, கறுப்புக் கல்லுன்னுதானே குடுத்தீங்க? துடைக்கத் துடைக்கத் துணியில மை ஒட்டுது. புள்ளைங்க சாப்பிடுற இடம் இது" என்றாராம். அதற்கு அவரால் என்ன பதில் சொல்ல முடியும்? மேடையைப் பெயர்த்து வேறு கல் போட்டுக் கொடுத்தார். கல்லில் மிச்சம் பிடித்த காசு கூலிக்குக்கூடப் போதவில்லை. சரக்குக் கொடுத்தவரோ "பார்த்துத்தானே ஏற்றினீர்கள்" என்று கையை விரித்துவிட்டார்.

பார்த்து ஏற்றுவது எப்படி? வெள்ளைப் பஞ்சில் அசிட்டோன் நனைத்து, அதாவது பெண்கள் நகப்பூச்சை அழிக்கப் பயன்படுத்தும் திரவத்தை நனைத்து, கல்லின் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டும். பஞ்சு கறுத்தால் சாயம். மேல் மெழுகு மட்டும் இருந்தால் பஞ்சில் லேசான அழுக்குதான் வரும். திரும்பத் திரும்பத் தேய்த்தும் கறுப்பு வந்துகொண்டே இருந்தால் அது மை. இன்னொரு சோதனை, கல்லின் உடைந்த ஓரத்தைப் பார்ப்பது. இதில் ஒரு எச்சரிக்கை: பாலிஷ் பிடித்த முகம் எப்போதும் உடைந்த ஓரத்தைவிடக் கறுப்பாகத்தான் தெரியும். ஓரத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டு ஒப்பிட வேண்டும். நனைத்த பிறகும் ஓரம் சாம்பலாக, முகம் மட்டும் அட்டைக் கறுப்பாக இருந்தால் அந்த ஸ்லாப்பைத் தொடாதீர்கள். ஒவ்வொரு லோடிலும் இரண்டு மூன்று ஸ்லாப்பை இப்படிப் பார்ப்பதற்கு கால் மணி நேரம் போதும்.

ரெசின் ஏற்றுவது இதோடு சேர்ந்ததல்ல. வெடிப்பும் துளையும் உள்ள கல்லில் எபாக்ஸி ரெசின் நிரப்பி, பின்புறம் வலை ஒட்டிப் பலப்படுத்துவது உலகம் முழுவதும் உள்ள வழக்கம், அதில் தவறில்லை. அதை மறைப்பதுதான் தவறு. பின்புறம் வலை ஒட்டியிருக்கிறது என்றால் அந்தக் கல்லுக்கு வலை தேவைப்பட்டிருக்கிறது என்று பொருள். இருபது கிலோ கிரைண்டரைத் தூக்கி வைக்கும் வீட்டுக்கு அதைக் கொடுக்கும்போது அடியில் முழுத் தாங்கல் வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வெள்ளை, இளமஞ்சள் கிரானைட்டுகள் வேறு ரகம். அவை வெடிக்காது, கீறாது, புளிக்கும் அஞ்சாது. ஆனால் குடிக்கும். பாலிஷ் பிடித்த முகத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். அந்த இடம் நிறம் கறுத்தால் அந்தக் கல் தண்ணீர் குடிக்கிறது. அதே வழியில் நல்லெண்ணெயும் மஞ்சளும் உள்ளே போகும். இத்தகைய கல்லுக்கு, பதித்து நன்கு காய்ந்த பிறகு, உள்ளே ஊறும் வகைச் சீலர் அடித்தாக வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை அதே சொட்டுச் சோதனையைச் செய்து, தேவைப்பட்டால் மறுபடி அடிக்க வேண்டும். நெருக்கமான கறுப்புக் கல்லுக்குச் சீலர் வேண்டியதில்லை. எல்லாக் கல்லுக்கும் சீலர் டப்பா ஒன்றைத் தள்ளிவிடுவது இரண்டு நாள் லாபம். வெள்ளைக் கல்லை வெள்ளைச் சிமெண்டில் பதிக்காமல் சாதாரணச் சிமெண்டில் பதித்தால் அடியிலிருந்தே சாயல் மேலே தெரியும் என்பதையும் கொத்தனாரிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

கனமும் அளவும் பற்றி இந்த இதழில் எழுதினால் சிலருக்குக் கசக்கலாம். 18 மில்லிமீட்டர் என்று சொல்லி 16 மில்லிமீட்டர் கொடுத்தால் குறைவது இரண்டே மில்லிமீட்டர்தான். ஆனால் அது கல்லில் ஒன்பதில் ஒரு பங்கு. துணிக்கடையில் ஒன்பது கெஜத்துக்கு எட்டு கெஜம் கிழித்துக் கொடுத்தால் விடுவார்களா? 18 மில்லிமீட்டர் கனமுள்ள கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய நாலரை கிலோ இருக்கும். கறுப்புக் கல் ஐந்து கிலோ வரை போகும். பத்தடி நீளம், இரண்டடி அகலம் உள்ள மேடை என்றால் தொண்ணூறு கிலோவிலிருந்து நூறு கிலோ. கனத்தில் சந்தேகம் வந்த வாடிக்கையாளருக்கு ஒரு துண்டை வெட்டித் தராசில் வைத்தே காட்டிவிடலாம். ஓரம் கோணலாக உள்ள ஸ்லாப்பை அதிக நீளத்துக்கும் அதிக அகலத்துக்கும் அளந்து பில் போடுகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டும். சதுரமாக வெட்டினால் எவ்வளவு தேறுமோ அதுதான் அளவு. கல்லுக்கு விலையை ஐந்து ரூபாய் ஏற்றிச் சொல்லுங்கள், டேப்பை வளைக்காதீர்கள்.

பில் என்றதும் ஒன்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கிரானைட் ஸ்லாப்புக்கு 28 சதவீதம் என்று இருந்து, அந்த வருடம் நவம்பரிலேயே 18 ஆகக் குறைந்தது. 18 சதவீதமும் கனம்தான். "பில் வேண்டாம், குறைச்சுக் குடுங்க" என்று வாடிக்கையாளரே கேட்கிறார். ஆனால் பில் இல்லாமல் வாங்கியவருக்கு, தான் வாங்கிய கல் எது, கனம் எவ்வளவு என்பதற்கு ஒரு அத்தாட்சியும் கிடையாது. நமக்கும், சொன்னது இன்னதுதான் என்று காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

கல் நல்லதாக இருந்தும் பதிப்பதில் கெட்டுப்போவது எத்தனையோ. சிங்குக்கு வெட்டும்போது மூலையைக் கூராக வெட்டினால் அங்கிருந்துதான் பின்னால் விரிசல் கிளம்பும். மூலையில் முதலில் துளை போட்டு, அதோடு சேர வெட்ட வேண்டும். சிங்குக்கு முன்னால் இரண்டு அங்குலப் பட்டை மட்டும் விட்டால் தூக்கும்போதே ஒடியும். 'ட' வடிவ மேடையில் இணைப்பு சிங்கின் பக்கம் வரக் கூடாது. முன்பெல்லாம் மேடைக்கு அடியில் கான்கிரீட்டோ கடப்பாவோ இருக்கும். இப்போது மரப் பெட்டிகளின் மேல் நேராகக் கல்லை வைக்கிறார்கள். பெட்டிகள் ஒரே மட்டமாக இல்லாவிட்டால் கல் அந்தரத்தில் நிற்கும். தாங்கல் இல்லாமல் வெளியே நீட்டும் பகுதி, இந்தக் கனத்துக்கு ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

வெட்டுகிற பையன்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜன்னல் மூடிய சமையலறைக்குள் கைக் கட்டரை வைத்து உலர்ந்தபடியே வெட்டுகிறார்கள். வெளியே வரும்போது புருவம் முதற்கொண்டு வெள்ளையாக இருக்கிறது. நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். கிரானைட்டில் சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்தூசி நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் இறுகிப் போகும். அதற்குப் பின் மருந்து கிடையாது. சிலிகோசிஸ் என்ற இந்த நோய் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பெருமளவு அடங்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டை போதாது, நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி வேண்டும். முடிந்த மட்டும் கடை முற்றத்திலேயே தண்ணீர் மிஷினில் வெட்டி, ஓரம் உருட்டி அனுப்பிவிட்டால் வீட்டில் வேலை குறைவு. கூலி சற்றுக் கூடும். அதை வாடிக்கையாளரிடம் காரணம் சொல்லிக் கேட்டால் கொடுக்க மறுக்கிறவர் குறைவு.

செயற்கைக் குவார்ட்ஸ் விற்கும் உறுப்பினர்களும் நம் சங்கத்தில் உண்டு. அந்தச் சரக்கை நாம் தூற்றவில்லை. கறை பிடிக்காது, சீலர் கேட்காது, ஒரே நிறமாகக் கிடைக்கும். ஆனால் அது குவார்ட்ஸ் பொடியையும் பிளாஸ்டிக் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை நேரே வைத்தால் பிசின் கருகித் தழும்பு விழும். வெயில் படும் வெளி மேடைக்குப் போட்டால் நிறம் மாறும். அதில் சிலிக்கா தொண்ணூறு சதவீதத்துக்கு மேலும் இருக்கக்கூடும் என்பதால், வெட்டுகிறவருக்கு ஆபத்து கிரானைட்டைவிடப் பல மடங்கு. ஆஸ்திரேலியாவில் வெட்டும் தொழிலாளர்கள் இளம் வயதிலேயே நோய்ப்பட்டதைப் பார்த்து, 2024 ஜூலை 1 முதல் அந்த நாட்டில் இதைத் தயாரிக்கவும் விற்கவும் பதிக்கவும் தடை போட்டுவிட்டார்கள். விற்கிறவர்கள் விற்கட்டும். 'குவார்ட்ஸ் கிரானைட்' என்று ஒரு பெயரைச் சூட்டி, பூமியில் விளைந்த கல் போலக் காட்டி விற்க வேண்டாம்.

இனி வீட்டில் பராமரிப்பு. இதில் நாம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் நேர்மாறாக நடக்கிறது.

முதல் எதிரி ஆசிட். வீடு முடிந்து வெள்ளையடித்த பின் சிந்திய சிமெண்டையும் பெயிண்டையும் போக்க வேலையாட்கள் ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். கல்லில் உள்ள இரும்புச் சத்து அதில் துருப்பிடித்து, பத்து நாளில் மஞ்சள் மஞ்சளாகத் தேமல் விழுகிறது. குடி போகும் முன்பே "கல் சரியில்லை" என்று புகார் வந்துவிடும். கல்லை ஏற்றும்போதே மேஸ்திரியிடம், "மேடையை பிளாஸ்டிக் போட்டு மூடு, ஆசிட் பாட்டிலைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதே" என்று சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். கழிப்பறை கழுவும் திரவங்களும் இதே கூட்டம்தான். தினசரிக்கு பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெத்தென்ற துணி போதும். கடைசியில் உலர்ந்த துணியால் ஒரு முறை துடைக்க வேண்டும். போர்த் தண்ணீர் உள்ள ஊர்களில் இந்தக் கடைசித் துடைப்பை விட்டுவிட்டால் குழாயடியில் வெள்ளை உப்புப் படிந்து, கல்லே வெளுத்துவிட்டது போலத் தெரியும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று சில கடைக்காரர்களே சொல்லி அனுப்புகிறார்கள். மண்ணெண்ணெய் சொல்கிறவர்களும் இருந்தார்கள். பளபளப்பது உண்மை, இரண்டு நாளைக்கு. பிறகு அந்த எண்ணெயில் தூசியும் மாவும் ஒட்டி மேடை பிசுபிசுக்கும். வெள்ளைக் கல்லானால் எண்ணெய் உள்ளே இறங்கி நிரந்தரமாகக் கறுக்கும்.

எண்ணெய்க் கறை ஏற்கெனவே இறங்கிவிட்டால் வழி இருக்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்துக் கறையின் மேல் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட வேண்டும். காய்ந்ததும் சுரண்டி எடுத்தால் எண்ணெயை அது இழுத்திருக்கும். ஒரே தடவையில் போகாது. மூன்று நாலு முறை செய்ய வேண்டி வரலாம். மஞ்சள் கறை வெளிர் கல்லில் பட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்து, அதே போல் மூடி வைத்தால் வெளுக்கும். வெயில் விழும் இடமென்றால் மஞ்சள் தானாகவே மெல்ல மங்கிவிடும். கறுப்புக் கல்லில் பெராக்சைடு வேண்டாம்.

சூடு பற்றிக் கேட்பார்கள். கிரானைட் சூட்டுக்கு அஞ்சாது. குக்கரை இறக்கி வைக்கலாம். ஆனால் ஒரே இடத்தில் நெடுநேரம் நெருப்பு என்றால் அந்த இடம் மட்டும் விரிந்து, சுற்றியுள்ள இடம் குளிர்ந்து நின்று, கல் பிளக்கும். புதுமனை புகுவிழாவில் பால் காய்ச்சுவதற்குப் புத்தம் புதுக் கல்லின் மேல் மூன்று செங்கலை வைத்து விறகு மூட்டுகிறார்கள். முகூர்த்தம் முடிவதற்குள் 'டப்' என்று சத்தம் கேட்டு, அபசகுனமோ என்று வீடே கலங்கிப் போன கதை நமக்குத் தெரியும். சகுனம் ஒன்றும் இல்லை. அடியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி அதன் மேல் செங்கல் வரிசை போட்டு மூட்டியிருந்தால் கல்லும் பிழைத்திருக்கும், மனமும் பிழைத்திருக்கும்.

மேடை விளிம்பில் தேங்காய் உடைப்பதையும் தடுக்க வேண்டும். நடுவில் தாங்கும் கல் விளிம்பில் தாங்காது, ஓரம் சில்லு பெயரும். காய்கறியை நேரே கல்லின் மேல் நறுக்கினால் கல்லுக்கு ஒன்றும் இல்லை, அரிவாள்மனைக்கும் கத்திக்கும்தான் கேடு. நம் வீட்டு அம்மியும் ஆட்டுரலும் இதே கருங்கல்தான். தலைமுறை தலைமுறையாகப் புளியும் மிளகாயும் உப்பும் அரைபட்டும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலிஷ் இல்லாததால் அது போய்விட்டதென்று யாரும் புகார் கொண்டுவந்ததும் இல்லை.

இவ்வளவையும் கடையில் வாய் வலிக்கச் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். முகூர்த்த மாதத்தில் கடையில் கூட்டம் நெரியும்போது முடியாதுதான். எங்கள் கடையில் அரைத்தாள் அளவில் ஒரு சீட்டு அச்சடித்துப் பில்லோடு பின் குத்திக் கொடுக்கிறோம். மேல் பாதியில் கல்லின் பெயர், எந்த ஊர்க் கல், கனம், சதுர அடி, ரெசின் அல்லது வலை உண்டா இல்லையா, சீலர் வேண்டுமா வேண்டாமா என்று ஆறு வரி. கடைப் பையன் பேனாவால் நிரப்பிக் கையெழுத்துப் போடுவான். கீழ்ப் பாதியில் ஆசிட், எண்ணெய், நெருப்பு, தேங்காய், உலர்ந்த துணி என்று ஐந்து குறிப்பு. கீழ்ப் பாதியைச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும்படி சொல்கிறோம். சீட்டு கொடுக்கத் தொடங்கிய பிறகு புகாரோடு வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். வருகிறவர்களும் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வருவதால் பேச்சு சண்டையாக மாறுவதில்லை.

சில்லறைக் கடைக்காரர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கலாம். மொத்தக் கடையிலிருந்து வரும்போதே கல் என்ன ஊர், ரெசின் உண்டா என்று சொல்லாவிட்டால் அவர்கள் எதை எழுதிக் கொடுப்பார்கள்? நியாயமான கேள்விதான். ஆகவே சீட்டின் மேல் பாதி மொத்த வியாபாரிகளாகிய எங்களிடமிருந்தே நிரப்பி வர வேண்டும். லோடு இறங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுக்கிறவரிடம் பஞ்சையும் அசிட்டோனையும் எடுத்துக்கொண்டு போங்கள். மாதிரிச் சீட்டு ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் எங்கள் கடைப் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டு அச்சடித்துக்கொள்ளலாம்.